சிந்தாத பெட்ரோல்!

ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் மேகம் இல்லை. நிலத்தில் காற்று இல்லை. காலை எட்டு மணிக்கே பந்தயத் தடத்தின் தார் மேல் வெயில் நெளிந்துகொண்டிருந்தது.

பரிசோதனைக் கொட்டகைக்குள் ஒரு பிணம் கிடந்தது.

பிணத்தின் மேல் ஒரு கார்ட் கிடந்தது.

கார்ட்டின் சக்கரத்தில் ஓர் ஈ அமர்ந்திருந்தது. அம்மூன்றனுள், காவல்துறையின் வருகையைப் பொருட்படுத்தி அசைந்தது ஈ மட்டுமே!

இறந்தவர் அந்தப் பந்தய மைதானத்தின் தொழில்நுட்பப் பரிசோதகர். கூரையும் கதவும் இன்றித் தரையோடு தரையாகப் பறக்கும் ‘கார்ட்’ எனும் அக்குட்டிப் பந்தய வண்டிகளை அளந்து, எடையிட்டு, ‘தகுதி’ என்று முத்திரை குத்துவது அவருடைய பணி. மைதானத்தார் அவருக்குச் சூட்டிய பெயர் ‘அளவுகோல்’. பெற்ற பிள்ளையின் வண்டியே வந்தாலும் மயிரிழையும் விட்டுக்கொடுக்காதவர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். காக்கி உடுத்த நாற்பது வயதுப் பெண்மணி. உறக்கம் போதாத கண்கள்.

“வண்டி ஸ்டாண்டுலேர்ந்து சரிஞ்சிருக்கு மேடம்,” என்றார் ஏட்டு. “இவர் மேல விழுந்து, இவர் பின்னாடி சாஞ்சு, எடை மேடையோட இரும்பு விளிம்புல மண்டை மோதியிருக்கு. டாக்டரும் அதான் சொல்றாரு. தானா வந்த கேஸ், தானாவே முடிஞ்சு போச்சு.”

கைப்பேசி அலறியது. மேலதிகாரி!

“விபத்துதானேம்மா?”

“பாத்துட்டிருக்கேன் சார்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? பந்தயத்தைப் பாக்க வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேர் வந்து ஹோட்டல்ல உக்காந்திருக்காங்க. மூணு மணிக்குப் புதுப் பிரிவோட முதல் பந்தயம். அதுக்குள்ள விபத்துன்னு எழுதிக் குடு.”

“கொலையா இருந்தா சார்?”

“அப்போ யாருன்னு சொல்லு. ஆள் இல்லாம கொலை மட்டும் கொண்டு வராதே.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். இவ்வாறு மேலிடத்து அவசரத்தால் ‘விபத்து’ ஆன வழக்குகள் இவ்வாண்டில் ஏற்கெனவே இரண்டு. இரண்டிலும் கையொப்பம் அவருடையது. இரண்டும் இரவுதோறும் அவருடைய தலையணைக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டன. மூன்றாவதற்கு அங்கே இடமில்லை.

“ஏட்டய்யா... மூக்கு நல்லா இருக்கா?”

“ஜலதோஷம் கூட இல்ல மேடம்.”

“பெட்ரோல் வாசனை வருதா?”

ஏட்டு இழுத்து மூச்சு விட்டார். “வரலையே.”

“டேங்கைப் பாருங்க.”

ஏட்டு பார்த்தார். தலைகுப்புறக் கிடந்த வண்டியின் தொட்டி நிறைய எரிபொருள்! தரையிலோ ஒரு சொட்டும் இல்லை.

தொட்டியிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய் ஒன்று இரண்டாக மடிக்கப்பட்டு, தொட்டியைக் கட்டிய பட்டைக்குள் இறுகச் சொருகப்பட்டிருந்தது.

விழப் போகும் வண்டி, தன் குழாயைத் தானே மடித்துக்கொள்ளுமா?

*

பிணத்தை முதலில் கண்டவர் மைதானத்து முதலாளி. காலை ஏழு மணிக்குக் கண்டாராம். அவருக்கு முன்பாக வாயிற்காவலர் உள்ளே விட்டது இருவரை மட்டுமே. ஒருவர், ‘ஸ்பேனர்’ என்றழைக்கப்படும் தலைமை மெக்கானிக். மற்றவர், நடப்புச் சாம்பியனான சிறுமி ஒருத்தியின் தாயார். அச்சிறுமியை எல்லோரும் ‘சிட்டு’ என்பார்கள்.

ஆக, மூவர்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதுவரைக்கும் பசங்க எஞ்சினுக்கு ஒரு வளையத்தை மாட்டி, வேகத்தைக் கட்டி வச்சுத்தான் ஓட்ட விட்டோம் மேடம். வெளிநாட்டுல அதே வயசுப் பசங்க அவுத்து விட்ட குதிரை மாதிரி ஓட்டறாங்க. நம்ம பசங்க அங்க போனா கடைசியா வந்து கண்ணைக் கசக்கறாங்க. அதான் சர்வதேசப் பிரிவை இங்கயே ஆரம்பிக்கறேன். இது தப்பா?”

“பவர் எவ்ளோ கூடுது?”

“கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.”

“ஓட்டறவங்க வயசு?”

“பன்னெண்டுலேர்ந்து பதினாலு.” குரல் சற்றே இறங்கியது. “ஹெல்மெட், நெஞ்சுக் கவசம் எல்லாம் உண்டு மேடம்.”

“அளவுகோல் எதிர்த்தாராமே?”

“ரெண்டு மாசம் என் உயிரை எடுத்தாரு. தடுப்புச் சுவரை மாத்துன்னாரு, மாத்தினேன். பிரேக்கை மாத்துன்னாரு, மாத்தினேன். நேத்து சாயந்திரம் சரின்னுட்டாரு. எட்டு வண்டியில ஏழு பாஸ். நான் எதுக்கு மேடம் அவரைக் கொல்லணும்? கொல்றதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே கொன்னிருப்பேன்.”

“இப்படிப் பேசித்தான் பாதிப் பேர் உள்ள போறாங்க,” என்றார் ஏட்டு.

தேறாத அந்த எட்டாவது வண்டி ஸ்பேனருடையது. ஸ்பேனரின் விரல் நகங்களில் தலைமுறைக் கணக்காகக் கரி.

“கார்புரேட்டர் ஓட்டை ஒரு நூல் பெருசாம். ஒரு நூலுக்காக அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டாரு. கோவம் வந்துச்சு. கத்தினேன். அதுக்காக...”

“காலையில எதுக்கு வந்தீங்க?”

“வேற கார்புரேட்டர் மாட்டிக் காட்டறதுக்கு. கதவு சாத்தியிருந்துச்சு. காபி குடிக்கப் போயிட்டேன்.”

“இந்தக் குழாய் என்ன?”

“டேங்க்குக்குக் காத்து போற குழாய். வண்டியைச் சாய்க்கறப்போ அதை அடைக்கலேன்னா பெட்ரோல் கொட்டும். வண்டியில கை வைக்கறவன் முதல்ல கத்துக்கற பாடம் மேடம். தூக்கத்துல எழுப்பிச் சாய்ன்னாலும் கை முதல்ல அங்கதான் போகும்.”

“இங்க எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கு?”

“எல்லாருக்கும்.”

இன்ஸ்பெக்டர் கண்களை மூடிக்கொண்டார். கிடைத்தது ஒரே ஒரு தடயம். அதுவும் ஊருக்கெல்லாம் பொதுச்சொத்து!

தாயார் ஒரு மடக்கு நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார். மடியில் மகளின் தலைக்கவசம். அதன் கண்ணாடியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. வேனை ஓட்டிட்டு வருவேன். சாப்பாடு கட்டுவேன். அவ்ளோதான். வெளியூர் மெக்கானிக் ஒருத்தர் செஞ்சு குடுக்கறாரு.”

“அவரு எங்க?”

“வர மாட்டாருங்க. வீட்டுல வச்சே முடிச்சிடுவாரு.”

“காலையில அளவுகோலைப் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

தலைக்கவசம் மறுபடியும் துடைக்கப்பட்டது.

*

நண்பகலுக்குள் அனைவரையும் இரண்டு சுற்று விசாரித்தாயிற்று. செக்குமாடு சுற்றிச் சுற்றி வந்தது, எண்ணெய்தான் இறங்கவில்லை. கைப்பேசி நான்கு முறை அலறியது. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே அதட்டல்.

“மேடம், பேசாம எழுதிடலாமா?” என்றார் ஏட்டு. “நான் வேணா என் கையெழுத்தைப் போடறேன். எனக்கு ரிட்டையர்மென்ட் பக்கத்துல இருக்கு. தூக்கமும் நல்லா வரும்.”

“வண்டியில கை வைக்கறவன் கை முதல்ல அங்கதான் போகும்னான்...”

“யாரு?”

“ஸ்பேனர். ஒவ்வொருத்தனும் அடைக்கறதுல ஒரு தினுசு இருக்கும்ல? நம்ம ஸ்டேஷன்லயே துப்பாக்கி உறையை மாட்டறதுல ஆளுக்கு ஒரு ஸ்டைல். மூணு பேரையும் கொட்டகைக்குக் கூப்பிடுங்க.”

பிணம் அகற்றப்பட்டுவிட்டது. அதே இடத்தில், எரிபொருள் நிரப்பிய வேறொரு கார்ட் ஸ்டாண்டின் மேல் ஏற்றப்பட்டது. வாயிலருகே பந்தய உடையணிந்த பிள்ளைகள் எண்மர் வேடிக்கை பார்த்தனர்.

“வண்டி எப்படிச் சரிஞ்சிருக்கும்னு பாக்கணும்,” என்றார் இன்ஸ்பெக்டர். “முதலாளி, நீங்க சாய்ங்க.”

முதலாளி மூச்சைப் பிடித்துச் சாய்த்தார். இன்ஸ்பெக்டரோ வண்டியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது கைகளை... ஸ்பேனரின் கைகளை!

குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியது. முதலாளியின் காலணியை நனைத்தது. பிள்ளைகளின் கால்களை நோக்கி ஓடியது.

ஸ்பேனர் தன் சட்டைப்பையைத் துழாவினார். ஒரு போல்ட்டை எடுத்தார். குழாயில் செருகக் குனிந்தார்.

தேவைப்படவில்லை!

அதற்குள் வேறொரு கை பாய்ந்துவிட்டது. குழாயைப் பற்றியது, இரண்டாக மடித்தது, பட்டைக்குள் சொருகியது. கண்ணிமைக்கும் நேரம்!

ஒரு சொட்டும் அதற்குமேல் விழவில்லை.

கொட்டகை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. கைக்கு உரியவரும் அதையே பார்த்தார். அது தன்னுடையதுதானா என்று ஐயுறுவதைப் போல!

“பரவாயில்லயே,” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “சாப்பாடு கட்டற கை, குழாயும் நல்லாக் கட்டுது.”

சிட்டுவின் தாயார் அப்படியே தரையில் அமர்ந்தார்.

*

“வெளியூர் மெக்கானிக்குன்னு யாரும் இல்லீங்க.”

கொட்டகையின் கதவு சாத்தப்பட்டிருந்தது. உள்ளே தாயார், இன்ஸ்பெக்டர், ஏட்டு மட்டும்.

“நான்தான். அஞ்சு வருஷமா நான்தான் செய்யறேன். அம்மா செஞ்ச வண்டின்னா எவனும் மதிக்க மாட்டான்னு வெளிய சொல்லல.”

“அளவுகோலை ஏன்...”

“போன மாசம் புது எஞ்சினோட ஒத்திகை ஓட்டினாங்க. வளைவுல எம் பொண்ணு வண்டி சுத்தி, டயர் சுவத்துல மோதுச்சு. இவ ஒண்ணுமில்லம்மான்னு எந்திரிச்சு வந்தா. ராத்திரி பூரா வாந்தி. மறுநாள் டாக்டர் ஒண்ணுமில்லன்னாரு. எனக்கு அன்னியிலேர்ந்து கண்ணை மூடினா அந்த வளைவுதான்.”

“வேணாம்னு மககிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிங்க சொல்றது? ஏழு வயசுலேர்ந்து வெளிநாட்டுக்குப் போய் ஓட்டுவேன்னு சொல்லிட்டே வளந்தவ. நான் தடுத்தா, சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. வண்டி ஃபெயில் ஆனா யாரு மேலயும் பழி இல்ல பாருங்க.”

“நீங்களே வண்டியைக் கெடுத்து வச்சிருக்கலாமே?”

தாயார் தம் கைகளை விரித்துப் பார்த்தார்.

“கெடுக்கத்தான் உக்காந்தேன். ரெண்டு நாள் உக்காந்தேன். ஒரு நட்டைத் தளர்த்துவேன்... கை தானா போய் இறுக்கிடும். அதுல என் பொண்ணு உக்காருவாளேன்னு. வண்டி பாஸாயிடுச்சு. அதான் காலையில அவரைப் பாக்கப் போனேன். ஏதாவது தப்புன்னு எழுதிடுங்கய்யான்னு கால்ல விழுந்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“சரியா இருக்கற வண்டியைத் தப்புன்னு எழுதினா, நாளைக்கு என் முத்திரைக்கு என்னம்மா மதிப்புன்னாரு. எல்லாரும் அவர்கிட்ட பாஸ் பண்ணுங்கன்னு கெஞ்சுவாங்க. ஃபெயில் பண்ணுங்கன்னு கெஞ்சினது நான் ஒருத்திதான். அதுக்கும் மசியல. ‘இங்க பாரும்மா, உம் பொண்ணு நேத்து...’ன்னு எதையோ ஆரம்பிச்சாரு. அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்கன்னு தள்ளினேன். ஒரே தள்ளுதான். பின்னாடி இரும்பு மேடை இருந்ததை நான் பாக்கல.”

“அப்புறம் வண்டியைச் சாய்ச்சீங்க.”

“விபத்து மாதிரி தெரியட்டும்னு சாய்ச்சேன். குழாயை மடிச்சது எனக்கே தெரியாதுங்க. சத்தியமா தெரியாது.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். குற்றவாளி அகப்பட்டாயிற்று. மூன்று மணிக்கு முன்பே! ஆயினும் வெற்றி என்று சொல்லத்தக்க எதுவும் அவருடைய நெஞ்சில் இல்லை. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. விழுவதற்கு ஒருவரும் அகப்படவில்லை.

கதவைத் திறந்தார்.

வாயிலில் சிட்டு நின்றாள். பதின்மூன்று வயது. மெல்லிய கழுத்து. அவளுடைய முகத்தில் இருந்த ஈரம் வியர்வை அன்று.

“எல்லாம் கேட்டுச்சு ஆன்ட்டி,” என்றாள். “தகரக் கதவு.”

அவள் எடை மேடையைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

“நேத்து நான் அந்த அங்கிளைப் போய்ப் பாத்தேன். என் வண்டியில ஏதாவது தப்பு கண்டுபிடிங்க அங்கிள்னு கேட்டேன். அம்மாதான் செய்யறாங்கன்னும் சொல்லிட்டேன்.”

தாயார் தலையை நிமிர்த்தி எழுந்தார்.

“எதுக்குடி?”

“பயமா இருக்கும்மா. அந்த வளைவுல மோதினதுலேர்ந்து கால் நடுங்குது. ஆனா நீ நாள் பூரா அந்த வண்டியோடயே கெடந்தே. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வரல. உன்கிட்ட வந்து எப்படிம்மா வேணாம்னு சொல்றது?”

“அவர் என்ன சொன்னாருடி?”

“உங்கம்மா செஞ்ச வண்டியில தப்பே இருக்காது கண்ணு, தப்பு வேற எடத்துல இருக்குன்னாரு. காலையில உங்கம்மாகிட்ட நானே பேசறேன், நீ போய்த் தூங்குன்னாரு.”

“‘உம் பொண்ணு நேத்து...’ன்னுதானே ஆரம்பிச்சாரு,” என்றார் தாயார்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். இருவருக்கும் இடையே பத்தடித் தூரம். இறுதியில் மகள்தான் வந்தாள். வந்தவள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கை மகளின் முதுகைத் தொட்டது; தட்டிக்கொடுக்கவும் மறந்து அப்படியே நின்றது.

அவ்வேளை பார்த்து முதலாளி ஓடி வந்தார். நனைந்த காலணி சளக் சளக் என்றது.

“மேடம்... கேஸ்தான் முடிஞ்சுதே. வெளிநாட்டுக்காரங்க ஹோட்டல்லேர்ந்து கிளம்பிட்டாங்க. மீதி ஆறு வண்டியை வச்சாவது பந்தயத்தை நடத்திக்கட்டுமா?”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பந்தயத்துக்கு முன்னாடி மறுபடி அளந்து முத்திரை குத்த ஆள் இருக்கா?”

“அதுக்கு... ஆள்...”

“கண்டுபிடிச்சு வச்சுட்டுக் கூப்பிடுங்க. நான் வந்து சீலைப் பிரிக்கறேன். ஏட்டய்யா, கொட்டகையைப் பூட்டி சீல் வைங்க. நேரத்தைக் குறிச்சுக்குங்க.”

எல்லோரும் வெளியேறியதும் ஏட்டு பூட்டை இழுத்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாயையும் மகளையும் ஒருமுறை பார்த்தார்.

“சரியா ரெண்டே முக்கால் மேடம். பந்தயம் ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு... அதுக்குள்ள எல்லாருமே தோத்துட்டாங்க.”