வட்டாரத் திருத்தம்

காலை ஆறரைக்கு வெள்ளாங்குழி உப்பளக் குடியிருப்பில் வரிசை நிற்கும். தண்ணீருக்கு இல்லை, ரேஷனுக்கு இல்லை. அதெல்லாம் வீட்டுக்கே வந்துவிடுகிற காலம் அது. இந்த வரிசை கேட்பானிடம் பேசுவதற்கு.

கேட்பான் என்பது ஆளுயர மஞ்சள் பெட்டி. மேலே மைக், நடுவில் எண் தெரிகிற திரை, கீழே மாத்திரை விழுகிற துவாரம். கழுத்தில் தொங்கும் பேரட்டையைக் காட்டினால், "வணக்கம். இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று பதவிசாகக் கேட்கும். ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம். பேச்சையும் குரலையும் மூச்சையும் எடைபோட்டு நூற்றுக்கு ஒரு எண் கொடுக்கும். ஐம்பதுக்குக் கீழே என்றால் மாத்திரை. ஐம்பதைத் தாண்டினால் திரையில் டாக்டர் வருவார். எழுபது வந்துவிட்டால் அரை மணி நேரத்தில் பறவண்டி இறங்கி, ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

பைசா செலவில்லை. சாதி, மதம், சிபாரிசு எதுவும் செல்லாது. எண் இருந்தால் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். இல்லாவிட்டால் கலெக்டரே வந்து தட்டினாலும் திறக்காது. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று திறப்பு விழாவில் கேட்டார்கள். கூட்டம் கைதட்டியது.

நகரத்து ஆட்கள் எவரும் பெட்டியிடம் பேசுவதில்லை. அவர்கள் மணிக்கட்டில் உடல்வளை இருக்கிறது. ரத்தத்தையும் இதயத்தையும் அதுவே சதா பார்த்துக்கொள்ளும். வெள்ளாங்குழிக்கும் முதலில் வளைதான் கொடுத்தார்கள். உப்பு அதை மூன்றே மாதத்தில் தின்று தீர்த்தது. சரி, கைரேகை வையுங்கள் என்றார்கள். வருஷக்கணக்காக உப்பு வாரிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கடைசியில் அட்டையும் பெட்டியும் வந்தன; அட்டையில் இருக்கிற பேர்தான் ஆள். இந்த ஜனங்களுக்கு இது போதும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கோப்பில் எழுதியிருப்பார்.

போதவில்லை. வெள்ளாங்குழிக்காரர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கால் முறிந்து கிடந்தாலும் "இருக்கேன்" என்பார்கள். வலி பொறுக்கமுடியாமல் போனால் கூச்சத்தில் சிரிப்பார்கள். கேட்பான் பழகியதெல்லாம் நகரத்துக் குரல்களில். சிரித்துக்கொண்டே சாகிற ஜனத்தை அது கேட்டதே இல்லை. முதல் வருஷம் மூன்று பேர் பதினான்கு, ஒன்பது, பதினொன்று என்ற எண்களோடு போய்ச் சேர்ந்தார்கள். பதினொன்று, ஜெபக்கனியின் புருஷன்.

அதற்குப் பிறகுதான் ஜெபக்கனி பெட்டியைக் கவனிக்க ஆரம்பித்தாள். எந்தச் சொல்லுக்கு எண் ஏறுகிறது, எந்த மூச்சுக்கு இறங்குகிறது என்று ஒரு வருஷம் வரிசையில் நின்று பார்த்தாள். பார்த்ததைப் பாடமாக்கினாள். மத்தியான வெயிலில் வேலை நிற்கும்போது பம்பு செட் கொட்டகையில் வகுப்பு.

"எங்க, சொல்லுங்க பாப்போம்" என்பாள்.

"வயிறு கொஞ்சம் வலிக்கி" என்பார் லாரிக்கு உப்பு ஏற்றுகிற இசக்கிமுத்து.

"கொஞ்சமா? கொஞ்சம்னா பெட்டி ஒமக்குக் கொஞ்சமாத்தான் தரும். அந்த வார்த்தைய இன்னையோட மறந்திரும். நேத்து எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது, எங்க இழுக்கு, அதச் சொல்லும். நடுவுல மூச்ச விடும். சிரிக்காதேயும்வே!"

"சிரிப்பு வருதே தாயி, நான் என்ன செய்ய?"

"ஒம்ம மாமியார நெனச்சுக்கிடும்."

கொட்டகையே சிரிக்கும். ஆனால் பாடம் பலித்தது. எண்கள் ஏறின. பறவண்டிகள் வந்தன. வயிற்றில் கட்டியோடு போன இசக்கிமுத்து கட்டியில்லாமல் திரும்பி வந்தார். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும்கூடச் சிலர் எழுபது வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். ஆசை யாரை விட்டது?

கேட்பான் மக்கு அல்ல. இந்த வட்டாரத்தில் சொல்லுகிற வலிக்கும் ஆஸ்பத்திரியில் தெரிகிற நோய்க்கும் பொருத்தமில்லை என்று அது கணக்கிட்டுக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு நாள் திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன. முதலில் பேச்சைக் கேட்டுப் போட்ட எண், அதன்கீழே வட்டாரத் திருத்தம் போக மீதி. திருத்தம் முப்பது. அந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் முப்பது குறையும். ஜெபக்கனி பாடத்தை இன்னும் கெட்டியாக்கினாள், வேறென்ன செய்வாள்?

வகுப்புக்கு ஒரே ஒருத்திதான் வரமாட்டாள். அவள் ஜெபக்கனியோடு பத்தொன்பது வருஷமாக ஒரே பாத்தியில் உப்பு வாருகிற சந்தனமாரி. ஜெபக்கனி புருஷனைப் புதைத்துவிட்டு வந்து படுத்துக் கிடந்த நாற்பது நாளும், அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்து, ராப்பொழுதுக்குக் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தவள்.

"இல்லாதத இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா" என்பாள்.

"இருக்கதயாவது சொல்லித் தொலையேன்டி!"

"அதான் தெனமும் சொல்லுதேனே, இருக்கேன்னு."

அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில் ஜெபக்கனி வழக்கம்போல் எல்லாரையும் முன்னே விட்டுக் கடைசியாக நின்றாள். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவள் கேட்கவேண்டுமே. அவளுக்கு முன்னால் சந்தனமாரி. வெயில் ஏறாத நேரத்தில் அவள் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"வணக்கம், சந்தனமாரி. இன்று உடம்பு எப்படி இருக்கிறது?"

"நெஞ்சுல கொஞ்சம் பாரமா இருக்கு. இந்தக் கைக்கும் வருது." சந்தனமாரி சிரித்தாள். "பரவால்ல. இருக்கேன்."

கேட்ட எண் முப்பத்துநான்கு. திருத்தம் போக நான்கு. வாயு மாத்திரை இரண்டு விழுந்தன. சந்தனமாரி அவற்றை எடுக்கக் குனிந்தவள், நிமிரவில்லை. பெட்டியோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபக்கனிக்கு அந்த முகத்தின் நிறம் தெரியும். பதினொன்று வாங்கிய காலையில் புருஷன் முகமும் இந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

"ஏட்டி மாரி! எந்தக் கையிட்டி?"

"இடது கை. ஒண்ணுமில்லக்கா, சித்த இருந்தா சரியாயிரும்."

"ஏ பெட்டி, திருப்பிக் கேளு! இவ பொய் சொல்லத் தெரியாதவ. இவளுக்கு எதுக்கு முப்பதக் கழிக்க?"

"சந்தனமாரியின் இன்றைய நிமிடம் முடிந்துவிட்டது" என்றது கேட்பான். "திருத்தம் குறித்த முறையீடு பதிவு செய்யப்பட்டது. இருபத்தோரு வேலை நாட்களில் பதில் வரும்."

முப்பது எங்கிருந்து வந்தது என்று ஜெபக்கனிக்குத் தெரியும். கொட்டகையில் அவள் ஏற்றிவிட்ட ஒவ்வொரு எண்ணும் சேர்ந்த முப்பது அது. எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிடாதவள் தலையில் விடிந்திருக்கிறது. பாவி, நானே இவளைக் கொன்றேனே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. வரிசையில் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. அவளுடைய நிமிஷம்.

எழுபது வேண்டும். திருத்தத்துக்கு முப்பது. ஆக நூறு. அவளிடம் படித்தவர்களில் யாரும் தொண்ணூற்றாறைத் தாண்டியதில்லை.

அட்டையைக் காட்டினாள்.

"வணக்கம், ஜெபக்கனி. இன்று உடம்பு எப்படி இருக்கிறது?"

"விடியக்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சுது. நெஞ்சுக்கு நடுவுல. கல்லத் தூக்கி வச்ச மாதிரி." மூச்சு விட்டாள். எண் எழுபத்தொன்று. "இடது கை வழியா எறங்குது. தாடையப் பிடிச்சு இழுக்கு." எண்பத்தாறு. வேர்வையைச் சொன்னாள், கண் இருட்டுவதைச் சொன்னாள். குரலை எங்கே உடைக்க வேண்டுமோ அங்கே உடைத்தாள். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. அங்கேயே நின்றது. அவளுக்குத் தெரிந்த வித்தை முழுவதும் தீர்ந்துவிட்டது. இன்னும் இருபது விநாடி.

காலடியில் சந்தனமாரி அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "நான் இருக்கேன்."

ஜெபக்கனிக்கு வாயில் வந்த பாடமெல்லாம் போய்விட்டது. அவள் அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. என்ன வார்த்தை சொன்னாள் என்று வரிசையில் நின்ற யாருக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை. வார்த்தையே இல்லை என்றுதான் இசக்கிமுத்து சொன்னார். திரையில் நூறு வந்தது. திருத்தம் போக எழுபது.

"ஜெபக்கனி, பறவண்டி புறப்பட்டுவிட்டது. தைரியமாக இருங்கள்."

பறவண்டியில் ஓட்டுகிறவர் யாரும் கிடையாது. ஒரு படுக்கை, ஒரு கதவு; கதவு அட்டையைப் பார்த்துத் திறக்கும். வண்டி வருவதற்குள் ஜெபக்கனி தன் கழுத்து அட்டையைக் கழற்றிச் சந்தனமாரி கழுத்தில் போட்டாள். சந்தனமாரியின் அட்டையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எக்கா, இது தப்பில்லியா?"

"பேசாத. ஆஸ்பத்திரில யாரு கேட்டாலும் ஒம் பேரு ஜெபக்கனி. வயசு நாப்பத்தேழு."

"எனக்கு நாப்பத்தஞ்சுதான."

"ரெண்டு வயசு கூடுனா ஒண்ணும் கொறைஞ்சிர மாட்ட!"

இசக்கிமுத்து ஒரு பக்கமும் ஜெபக்கனி ஒரு பக்கமும் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். கதவு அட்டையைப் பார்த்தது, மூடிக்கொண்டது. உப்பு வெள்ளைக்கு மேலே வண்டி ஒரு கொக்கு அளவுக்குச் சிறுத்து மறைந்தது.

மறுநாள் காலையில் கேட்பான் ஓர் அறிவிப்புச் சொன்னது. ஜெபக்கனி என்பவருக்கு இதய அடைப்பு நீக்கப்பட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, சொன்ன வலியும் கண்ட நோயும் பொருந்தியதால் வெள்ளாங்குழியின் வட்டாரத் திருத்தம் ஒரு புள்ளி குறைக்கப்படுகிறது. இனி இருபத்தொன்பது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜெபக்கனி கைதட்டவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தனமாரி பத்து நாளில் திரும்பி வருவாள். ஆனால் இதய மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும், அது ஜெபக்கனி என்ற அட்டைக்குத்தான் விழும். அட்டையை இனி எந்தக் காலத்திலும் மாற்றிக்கொள்ள முடியாது. சந்தனமாரி என்ற அட்டைக்கு டாக்டர் வரவும் கூடாது. ஆஸ்பத்திரியில் அட்டையை மட்டும்தான் பார்ப்பார்கள்; திரையில் வருகிற டாக்டரோ முகத்தையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பதிவில் உள்ள முகம் வேறு. ஒரு அட்டையில் பிடித்தால் இன்னொன்றையும் பிடிப்பார்கள், மாத்திரை நின்றுபோகும்.

ஜெபக்கனிக்கு வலது முழங்கால் நான்கு நாளாக வீங்கியிருந்தது. நிற்கவே முடியவில்லை. அந்த முழங்காலை வைத்து அவளால் எண்பத்தைந்து வாங்க முடியும். சின்னப் பிள்ளைக்குக்கூட வாங்கக் கற்றுக்கொடுப்பாள். அவள் முறை வந்தது. கழுத்து அட்டையைக் காட்டினாள்.

"வணக்கம், சந்தனமாரி. இன்று உடம்பு எப்படி இருக்கிறது?"

தன் நிமிஷம் முடிந்தும் போகாமல் பின்னால் நின்ற இசக்கிமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். வாத்தியாரம்மா பேசுவதைக் கேட்டால் இன்னும் இரண்டு வித்தை தேறும் என்பது அவர் நினைப்பு. ஜெபக்கனி பெட்டியைப் பிடித்துக்கொண்டு, எடையை இடது காலுக்கு மாற்றி, கூச்சத்தோடு சிரித்தாள்.

"இருக்கேன்" என்றாள்.