கூக்கால் வீட்டுப் போன்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. தோழியைப் பார்க்கக் கூக்காலுக்கு வந்திருந்த சுகன்யா, பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஓடி நுழைந்தாள். அங்கே நின்றவன் மேல் மோதாத குறைதான். பூண்டு மூட்டையோடு நனைந்து நின்றான் பிரசாந்த். அந்தக் கண்கள்... அப்பப்பா, சிரிக்காமலே சிரித்தன.

அவள் போனில் சார்ஜ் இல்லை. நாயுடுபுரத்து விடுதியில் ரிசப்ஷன் வேலை. தாமதமாகும் என்று சொல்லியாக வேண்டும்.

"ஒரு போன் பண்ணிக்கலாமாங்க?"

நீட்டினான்.

"லாக்கே போடலையா?"

"எதுக்குங்க பூட்டு?"

வெள்ளந்தி மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். விடுதிக்குப் பேசி முடித்து, அவன் எண்ணையும் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டாள்.

அப்புறம் 'சாப்டீங்களா', 'ஆச்சுங்க' என்று மெசேஜ்கள் பறந்தன. ஒரு மழை நாளில் துணிந்து வாய்ஸ் மெசேஜே அனுப்பிவிட்டாள். "மழை வந்தாலே உங்க கண்ணுதான் ஞாபகம் வருது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

பதிலாக ஒரு பெண் குரல் வந்தது. "நான் பிரசாந்த் அம்மா மகாதேவி பேசுறேன் தாயி. வீட்டுல எல்லாரும் கேட்டோம். நல்லாப் பேசுற."

சுகன்யாவுக்கு உயிரே போய்விட்டது. மனசைத் திறந்து காட்டினால், வீட்டுக்கே படம் போட்டுவிட்டானே பாவி... எண்ணை பிளாக் செய்தாள்.

மறுவாரம் ரிசப்ஷனில் வந்து நின்றான்.

"உங்களுக்கு மட்டும் சொன்னதை வீடே கேட்டிருக்கு. என் மானம் போச்சு."

"எங்களுக்கு வீட்டுக்கு ஒரே போனுங்க. அன்னைக்கு நான் பூண்டுக் காட்டுல வேலையாக் கெடந்தேன். உங்க குரலை எனக்குப் போட்டுக் காட்டுனதே அம்மாதான்."

"எல்லாரும் சிரிச்சிருப்பீங்க."

"யாரும் சிரிக்கலைங்க. ஒளிச்சுப் பேசுறதைத்தான் எங்க வீட்டுல விளையாட்டும்பாங்க. நாலு பேரு காதுல விழச் சொன்னாத்தான் நெசம்."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் உடனே இறங்கிவர மனசில்லை.

"நான் சொல்லிட்டேன். நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே..."

அவன் காது சிவந்தது. "உங்க போனைக் குடுங்க. எங்க போனு வீட்டுல இருக்கு."

பிளாக்கை எடுத்துவிட்டு நீட்டினாள். வீட்டு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, பக்கத்துல யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும் இருக்கோம்யா. சொல்லு."

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்குச் சுகன்யாவைப் பிடிச்சிருக்கு. கட்டுனா அவங்களைத்தான்."

அறை கேட்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே... சுகன்யா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எனக்குந்தான், அத்தை" என்றாள், அந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.