இரவல் மூச்சு

மித்ரா போரூர் மெட்ரோ சுரங்கத்தில் படியேறிக்கொண்டிருந்தாள். பெருங்குடியில், பதினோராவது மாடி வீட்டுச் சோபாவில் மல்லாந்து படுத்திருந்த அப்பளத்துக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் வேலை செய்யல போலிருக்கு," என்றான் துருவன், நாயின் வயிற்றில் கை வைத்தபடி. மனைவி எப்படி இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று வீட்டிலிருந்தே நாடி பிடித்துச் சொல்லும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. சற்று நேரத்தில் மூச்சு அடங்கியது. அப்புறம் குட்டிக் குட்டியாகச் சில துள்ளல்கள். அவள் சிரிக்கிறாள். யாரோ சிரிக்க வைக்கிறார்கள்.

துருவனின் முகம் சுருங்கியது. அப்பளத்தின் முகம் பிறவியிலேயே சுருங்கியது. அதற்கு இவனைப்போல் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அப்பளம் ஒரு பக் நாய். பூரிக்கட்டையால் தேய்த்துவிட்ட மாதிரி தட்டை மூஞ்சி. கல்யாணத்துக்கு முன்பே துருவன் வாங்கி வளர்த்தது. தட்டை மூஞ்சிதான் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்ததில், இந்த நாய்களுக்கு மூக்கு குட்டையானதே தவிர மூக்குக்குள் இருக்கும் சதை குறையவில்லை. கிடைத்த இடத்துக்குள் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதனால் அப்பளம் நடந்தால் விசில், படுத்தால் குறட்டை, வெயிலில் நாக்கு நீலம். போன கோடையில் பந்தைத் துரத்திப் போய் மயங்கியே விழுந்துவிட்டது. துருவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினான். இவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம்.

அறுவை சிகிச்சை பெரிய விஷயமாக இல்லை. டாக்டர் ஜெயபாரதி ஒளிக்கத்தியால் மூக்குத் துளைகளை அகலமாக்கினார். தொண்டைக்குள் திரைச்சீலை மாதிரி தொங்கிய மேலண்ணச் சதையைச் செதுக்கிக் குட்டையாக்கினார். ரத்தம் ஒரு தேக்கரண்டிகூடப் போகவில்லை. தொல்லை அதற்கு அப்புறம்தான். பிறந்ததிலிருந்து திணறிய நாய்க்குத் திணறாமல் மூச்சு விடத் தெரியாது. வழி திறந்த பிறகும் மூளை பழைய பழக்கத்தில் இழுத்து இழுத்துத் திணறும், புதுச் சதை வீங்கும், மறுபடி அடைக்கும். நாய்க்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சிகிச்சை வந்த புதிதில் மருத்துவர்கள் எந்திரத்தின் தாளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் ஓடும்போதும் தூங்கும்போதும் ஒரே சீராக மூச்சு விட்டு, ஓட்டத்தின் நடுவில் சுருண்டு விழுந்தன. அடுத்து நீள மூக்கு நாட்டு நாய்களின் தாளத்தை இரவல் வாங்கினார்கள். எங்கோ ஒரு தெருவில் அது பூனையைத் துரத்தினால், இங்கே சோபாவில் இது நுரை தள்ளியது. கடைசியில் மனித மூச்சுதான் சரிப்பட்டது. பயப்படும், சிரிக்கும், படியேறும், பிறகு அடங்கும். எப்படி அடங்குவது என்பதைத்தான் நாய் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மார்பில் ஒரு பட்டை, நாயின் கழுத்தில் ஒரு வார். எவ்வளவு தூரம் போனாலும் பட்டையின் தாளத்தை வார் வாங்கி, நாயின் அளவுக்குக் குறுக்கி, தொண்டை நரம்பில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதற்குத் துணைச்சுவாசம் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் இரவல் மூச்சு என்றார்கள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் டாக்டர். "இந்த ஒண்ணரை மாசத்துல எதைக் கத்துக்குதோ, ஆயுசுக்கும் அதுதான். யார் மூச்சு கொடுக்கப்போறீங்க?"

துருவன் அதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். டாக்டர் இருவர் மூச்சையும் அளந்து பார்த்தார்.

"சார், உங்க மூச்சு நெஞ்சோட நின்னுடுது. வயித்துக்கு இறங்கவே மாட்டேங்குது. மேடமோடது நல்லா இருக்கு."

"என் நாய், டாக்டர்."

"மூச்சு அவங்களோடது, சார்."

வயிறு எரிந்துகொண்டிருந்தால் மூச்சு எப்படி இறங்கும்? அன்று முதல் அப்பளத்துக்குச் சோறு வைத்தது துருவன், காது துடைத்தது துருவன், பின்னாலேயே போய் அள்ளியது துருவன். ஆனால் அதன் நெஞ்சுக்குள் ஏறி இறங்கியது மித்ரா. "நான் வளர்த்த நாய்க்குள்ள நீ போய் உட்கார்ந்துட்டியே," என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் எங்கோ இறங்கிப் போய்விட்டது.

அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருந்தும் மளிகையும் சுமந்து நகரத்துக்கு மேலே பறக்கும் பொதிப்பறவை ட்ரோன்களில் வழிதவறியவற்றைத் திரையில் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்பதற்குத்தான் சம்பளம். வேலை அவனுக்குள் புகுந்துகொண்டதா, அவனுக்கேற்ற வேலை அமைந்ததா என்று சொல்வது கஷ்டம். மித்ராவிடமும் போனில் நாள் முழுக்க அதையேதான் கேட்டான். அப்பளத்திடமும் கேட்பான், ஆனால் அது விளையாட்டு. அது சோபாவுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒளிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். "அப்பளம்... எங்க இருக்க?" என்று இவன் இழுத்துக் கூப்பிடுவான். அது பின்புறத்தை ஆட்டியபடி உருண்டு வரும். இருவருக்கும் அதில் அலுப்பே வந்ததில்லை.

அப்பளத்தின் மூச்சைக் கேட்டுக் கேட்டு மித்ராவின் நாள் அவனுக்கு அத்துப்படி ஆனது. இது மேலதிகாரியிடம் வாக்குவாதம். இது காரமான சாப்பாடு. இது லோகித் அடித்த ஜோக். மெட்ரோ சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் பார்க்கும் பொறியாளர் மித்ரா. லோகித் அவளுக்குக் கீழே வேலை செய்பவன். சிரிப்பைக்கூடத் துருவன் மன்னித்திருப்பான். டீ நேரத்து மூச்சைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தினமும் மாலை டீ நேரத்துக்கு அது வந்தது. நீளமாக, ஆழமாக, அவசரமே இல்லாத மூச்சு. அப்பளத்தின் கண்கள் சொருகும், கால்கள் தளரும். பக்கத்தில் படுத்த இத்தனை வருஷத்தில், தூக்கத்தில்கூட மித்ரா இப்படி மூச்சு விட்டு அவன் கேட்டதில்லை. இது யாருக்கான மூச்சு? யார் பக்கத்தில் இருந்தால் இவளுக்கு இப்படி வரும்? காதில் புகை வராத குறையாக போனை எடுத்தான்.

"மித்து, எங்க இருக்க?"

அப்பளம் விருட்டென்று கண் திறந்தது. தொண்டையில் கரகரவென்று பழைய இழுப்பு.

"வேலைலதான். ஏன்?"

"சும்மாதான். கூட யாரு?"

இழுப்பு இன்னும் அதிகமானது.

"யாருமில்ல, துருவா."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் நாய் திணறியது. மாட்டிக்கிட்டா, என்று நினைத்தான் துருவன். குரல் பொய் சொல்லும், நாய் சொல்லாது. மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் வேறு வேறு சாக்கில் பலமுறை கேட்டான். ஒவ்வொரு தடவையும் அப்பளத்தின் தொண்டை இறுகியது, ஒவ்வொரு தடவையும் அவன் சந்தேகம் கெட்டிப்பட்டது. சாயங்காலம் லிஃப்ட் மேலே வரும்போதே நாய்க்கு இழுக்க ஆரம்பிக்கும். அவள் கதவைத் திறந்து சிரித்த முகமாக உள்ளே வருவாள். நாய் தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும்.

"வீட்டுக்கு வர்றப்ப மட்டும் உனக்கு ஏன் மூச்சு இறுகுது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"வேகமா நடந்து வந்தேன்."

"லிஃப்ட்லதானே வந்த?"

மித்ரா பையைக் கீழே வைத்தாள். நாயைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அது நாய்க்குக் கொடுத்த மூச்சு, துருவா. உனக்குக் கொடுத்தது இல்ல."

நாயை நினைத்து அவன் பயப்படவும் செய்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரைக் கூப்பிட்டு, தையல் விட்டிருக்குமோ, மறுபடி அடைக்கிறதோ என்று கேட்டான்.

"இழுக்குறப்ப மேடம் என்ன பண்ணிட்டு இருக்காங்க?"

"என்கூடப் பேசிட்டு இருப்பா."

மறுமுனையில் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அப்படின்னா... கொஞ்ச நாளைக்குக் கம்மியாப் பேசுங்களேன், சார்."

நாய் டாக்டர் நாயைப் பார்த்தால் போதாதா, குடும்பத்தில் எதற்கு மூக்கை நுழைக்கிறார் என்று அவனுக்குக் கோபம் வந்தது. மறுநாள் டீ நேரத்துக்கு முன்பே அப்பளத்தைப் பையில் போட்டுக்கொண்டு போரூருக்கு ரயிலேறினான். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

நிலையத்துக்குள் இறங்கும்போதே அந்த மூச்சு தொடங்கிவிட்டது. நீளமாக, ஆழமாக. பையின் துணி மெல்ல உப்பி மெல்ல அமுங்கியது. ஊழியர் கதவருகே நின்றிருந்த ஓர் இளைஞன் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"அய்யோ, அப்பளமா இது? மேடம் போட்டோ காட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் லோகித்."

அப்பளம் தலையை நீட்டி அவன் கையை நக்கியது. மூச்சு அப்படியே சுகமாக ஓடியது. துருவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இவன் இங்கே நின்றால் அங்கே அவளோடு இருப்பது யார்?

"மித்ரா எங்க இருக்கா?"

பைக்குள் சின்னதாக ஒரு கரகரப்பு. இரண்டு சுவர் தாண்டி இருப்பவளுக்கு அவன் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. துருவன் அதை யோசிக்கவில்லை.

"காத்தாடி ரூம்ல, சார். இந்த நேரத்துல அவங்க தனியா இருப்பாங்க, நாங்க யாரும் உள்ள போக மாட்டோம்."

கதவில் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் இருந்தது. எட்டிப் பார்த்தான். வீடு உயரத்துக்கு ஒரு காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. அதன் எதிரில் கருவிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மித்ரா உட்கார்ந்திருந்தாள். காலணிகளைக் கழற்றியிருந்தாள். கையில் டீ. முடி பின்னால் பறந்தது. போனைப் பார்க்கவில்லை, யாரோடும் பேசவில்லை. அறையில் வேறு ஒருவரும் இல்லை. கதவுக்குப் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், எல்லாம் பார்த்துவிட்டான். ஒருவரும் இல்லை.

துருவனுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. யாருமே இல்லை! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"மித்து! இங்கதான் இருக்கியா?"

அவள் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் பைக்குள் அப்பளத்தின் தொண்டை அடைத்துக்கொண்டது. கரகரப்பு விசிலானது, விசில் இழுப்பானது, நாக்கு வெளியே வந்து ஓரத்தில் நீலம் பாய்ந்தது. பிறகுதான் மித்ரா திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. தினமும் கதவைத் திறக்கும்போது இருக்கும் அதே சிரிப்பு.

"என்னடா, இங்க?" என்றாள் அன்பாகத்தான். நாய் மூச்சுக்குத் துடித்தது.

துருவன் நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளும் நாயைப் பார்த்தாள். சிரிப்பை அதற்கு மேல் வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டைக்குள் கைவிட்டு மார்புப் பட்டையைக் கழற்றினாள். நாயின் இழுப்பு மெல்லத் தணிந்தது.

"ஆள் தேடி வந்தியா?" என்றாள். "யாரும் இல்ல, துருவா. யாரும் எதுவும் கேக்காத கொஞ்ச நேரம். அவ்வளவுதான் வச்சிருந்தேன்."

இன்னொருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். ஒரு காற்றாடியோடு என்ன செய்வது? துருவன் தன் வாழ்நாளில் பட்ட பொறாமைகளிலேயே பெரியது, அந்தக் காலிக் கருவிப் பெட்டியின் மேல் பட்டதுதான்.

நாய்க்காக மித்ரா பட்டையை மறுபடி கட்டிக்கொண்டாள். ஒன்றரை மாதம் முடிந்தது. டாக்டர் கழுத்து வாரை அவிழ்த்தார். அப்பளம் மருத்துவமனை முற்றத்தில் ஓடியது. புங்க மரத்தைச் சுற்றியது, காவலாளியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மித்ரா துரத்தினாள். விசில் இல்லை, இழுப்பு இல்லை. துருவனுக்குக் கண் கலங்கியது. படியில் நின்றபடி, பழைய விளையாட்டுக் குரலில் கூப்பிட்டான்.

"அப்பளம்... எங்க இருக்க?"

நாய் நின்றது. வாலை ஆட்டியது, அவனிடம் வரத்தான் திரும்பியது. நாலடி வருவதற்குள் தொண்டை இறுகி, முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் அதை உள்ளே தூக்கிப் போய்த் தொண்டைக்குள் பார்வைக்குழல் விட்டுப் பார்த்தார். மித்ரா நாயை வாங்கிக்கொண்டு மீண்டும் முற்றத்துக்குப் போனாள்.

"உள்ள வழி நல்லா அகலமா இருக்கு, சார். வெட்ட ஒண்ணுமே இல்ல. இந்தக் குரல் கேட்டா மூச்சு இறுகணும்னு கத்துக்கிச்சு. மேடம் கத்துக்கொடுக்கணும்னு கொடுக்கல. நீங்க பேசுறப்ப எல்லாம் அவங்களுக்கு நடந்தது, அப்படியே இதுக்கும் வந்துடுச்சு."

"மாத்த முடியாதா? இந்தத் தடவை நான் மூச்சு கொடுக்கிறேன்."

டாக்டர் அவன் மூச்சை அளக்கக்கூட இல்லை. "ஒரு வழி இருக்கு. வேற ஒருத்தர் பட்டையைக் கட்டிக்கணும். நீங்க அவங்களோட பேசிக்கிட்டே இருக்கணும். உங்க குரல் கேக்குறப்ப அவங்க மூச்சு நிம்மதியா இருந்தா, நாய் அதை மாத்திக் கத்துக்கும்." கையுறையைக் கழற்றிக்கொண்டே இயல்பாகக் கேட்டார். "அப்படி யாராவது இருக்காங்களா, சார்?"

துருவன் யோசித்தான். அம்மா இருந்தாள், ஆனால் இவன் போனில் பேச ஆரம்பித்தால் அவளுக்கு உடனே அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். நண்பன் ஒருவன் இருந்தான். போன வருஷம் இன்னொருவனோடு ஊட்டிக்குப் போனான் என்று இவனே பேச்சை நிறுத்தியிருந்தான். கூட வேலை செய்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். டாக்டர் காத்திருந்தார். அவர் மூச்சுகூடக் கொஞ்சம் மேலேயே நிற்பதாக அவனுக்குத் தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் மித்ரா உட்கார்ந்திருந்தாள், மடியில் அப்பளம். பட்டையும் இல்லை, வாரும் இல்லை. இரண்டு நெஞ்சும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. நீளமாக, ஆழமாக. பிறகு அவள் எழுந்தாள். நாயைக் கீழே விட்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கதவைப் பார்த்து நடந்தாள். அப்பளம் ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்து வாலாட்டிவிட்டு, அவள் பின்னால் ஓடியது.

துருவன் கூப்பிட வாயைத் திறந்தான். நாயின் தொண்டை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான். இருவரும் தெருவில் இறங்கினார்கள். எங்கே போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.