பிணம் கிடைக்கும் வரை யாரும் போகக்கூடாது!

"ஐயோ... கொலை! கொலை!"

தங்க வயல் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனின் கடைசி வரிசையிலிருந்து அந்த அலறல் கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் இன்பராஜ் அப்போதுதான் மீசையின் இடது பக்கத்தை முறுக்கி முடித்துவிட்டு வலது பக்கத்துக்கு வந்திருந்தார். விரல்கள் அப்படியே நின்றன.

இருபது வருஷ சர்வீஸ்! இதுவரை அவர் பிடித்ததெல்லாம் கோழித் திருடர்களும் சாராயப் பானைகளும்தான்.

கொலை!

காதுக்கு எவ்வளவு இனிமையான வார்த்தை!

அவர் அன்று வந்த வேலையே வேறு. மார்கழிக் குளிரில், விடிந்தும் விடியாததுமாக, லைன் முனையில் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கம்பெனி துரை உத்தரவு போட்டிருந்தார். வேலைச் சீட்டு இல்லாத ஒருவரும் தங்க வயலில் இருக்கக்கூடாது. பெண்டு பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து, எல்லைக்கு அப்பால் வட ஆற்காட்டில் கொண்டு போய்த் தள்ளிவிட வேண்டும்.

காரணம்? சுரங்கத்தில் தங்கம் களவு போகிறதாம். அதைக் கொண்டையிலும் கூழ்ச் சட்டியிலும் வைத்துக் கடத்துவது பெண்கள்தானாம்.

ஆண்கள் மட்டும் இருக்கலாம். தங்கம் தானாக மேலே ஏறி வராது பாருங்கள்!

ஒரு மாதமாக லைன் பெண்கள் சும்மா இருக்கவில்லை. துரையின் பங்களா வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். தண்டவாளத்தில் படுத்தார்கள். கைநாட்டு வைத்து மனு மேல் மனு கொடுத்தார்கள். கடைசி மனு பெங்களூருக்கே போயிருந்தது. அதன் இங்கிலீஷைப் பார்த்து இன்பராஜே அசந்து போனார். எவனோ ஒரு பாரிஸ்டர் பின்னால் இருக்கிறான் என்று துரையிடம் அடித்துச் சொன்னார்.

மனுவுக்குப் பதில் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பது துரையின் அவசரம். அதனால்தான் இந்த வண்டிகள்.

"கோவிந்தா! ஓடி வா!"

கான்ஸ்டபிள் கோவிந்தனைக் காணோம். வயிறு சரியில்லை என்று ஒதுங்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

இன்பராஜ் தனியாக ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்கு. அவருடைய தொப்பை முன்னால் ஓடியது, அவர் பின்னால் போனார்.

தட்டிக் குடிசைகளுக்கு நடுவே பெண்கள் கூட்டம். சந்தின் கோடியில்...

கருப்புக் கம்பளி ஒன்று. அதற்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள்! பக்கத்தில் குளம் போல ரத்தம்!

"அம்மாடி!" என்றது இன்பராஜின் வாய். "விலகுங்க!" என்று உடனே திருத்திக்கொண்டது.

"ஐயா, கிட்ட போவாதீங்க!" ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். மரியகுழந்தை. காலையில் சுரங்க ஷாப்டு வாசலில் ஆப்பம் விற்பவள். மற்ற நேரத்தில் கம்பெனிக்குத் தலைவலி. "அக்குள்ல கட்டி மாதிரி இன்னாவோ தெரியுது. பிளேக்கா இருக்கப் போவுது!"

இன்பராஜின் கால்கள் அந்தரத்தில் நின்றன.

"கொலைன்னு கத்தினீங்க...?"

"ரெண்டும் மாதிரி இருக்குதுங்க."

"அதெப்படி ரெண்டும் இருக்கும்?"

"அத்த நீங்கதான் கண்டுபுடிக்கணும். இன்ஸ்பெக்டரு நீங்களா நானா?"

நியாயமான கேள்வி! இன்பராஜ் வண்டிக்குத் திரும்பினார். தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். பெங்களூரில் வாங்கிய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். மறுபடி சந்துக்கு வந்தார்.

கம்பளி இருந்தது.

ரத்தம் இருந்தது.

பிணம்...?

இல்லை!

"எங்க... எங்க போச்சு?"

"கொல பண்ணவன் வந்தாங்க. தோள்ல போட்டுக்கினு சயனைடு மண்மேட்டுப் பக்கம் பூட்டான்!"

"நீங்கள்லாம் பார்த்துக்கிட்டா நின்னீங்க?"

"பயந்துக்கினு நின்னோம்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோவிந்தன் வந்து சேர்ந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"இன்னா ஐயா ஆச்சு? அச்..."

தும்மினான்.

"கொலைடா! இந்த இன்பராஜ் கண்ணால பார்த்த கொலை! நீ எங்க தொலைஞ்சே?"

"வவுறுங்க ஐயா..."

"எழுது! சாட்சிகளை விசாரிக்கணும்."

சாட்சிகளுக்கா பஞ்சம்? வண்டியில் ஏறுவதற்கு மூட்டை கட்டியிருந்த ஒவ்வொருத்தியும் சாட்சி!

"நான் பாத்தேன் ஐயா. கொல பண்ணவன் நெட்டையா, செவப்பா இருந்தான்."

"இல்லீங்க, குட்டையன். கரிக்கட்ட மாதிரி."

"நான் மொகத்த பாக்கல. முதுவு பாத்தேன். திரும்ப பாத்தா அடையாளம் சொல்லிடுவேன்."

அடுத்து சம்பங்கி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. புருஷன் தங்கவேலு இரவு ஷிப்டில் பாறை உடைக்கப் போயிருந்தான். கோவிந்தன் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தான். அவனுடைய சின்னம்மா மகள் அவள்.

"நானும் பாத்தேன் ஐயா. எம்பொண்ணும் பாத்துச்சு. இந்தக் கொழந்தையும் பாத்துச்சு."

"இது பேசுமா?"

"இன்னும் ஒரு வருசம் பொறுத்தீங்கன்னா நல்லா சொல்லும்."

இன்பராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்கு மனப்பாடமான சட்டம் ஒன்று நாக்கு நுனியில் துடித்துக்கொண்டிருந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டில் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டுகிற சட்டம்.

"எல்லாரும் கேளுங்க! சாவு விசாரணை முடியற வரைக்கும் சாட்சி ஒருத்தரும் எல்லை தாண்டக்கூடாது! கோலார்லேருந்து மாஜிஸ்திரேட் வரணும். வாக்குமூலம் வாங்கணும். அதுவரைக்கும் இந்த லைன்லேருந்து ஒரு ஈ கூட வெளியே போகக்கூடாது! வண்டிக்காரங்களா... திருப்புங்கடா வண்டியை!"

சம்பங்கி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பயத்தில் அழுகிறாள், பாவம் என்று நினைத்தார் இன்பராஜ்.

அடுத்த காரியமாக பெங்களூரில் இருந்த மேலதிகாரிக்குத் தந்தி பறந்தது. 'பயங்கரக் கொலை. பிணம் மாயம். துப்பு என் கையில். இன்பராஜ்.'

துப்பு என்பது பொய்யல்ல. அந்தக் கால்களை அவர் நன்றாகப் பார்த்திருந்தார்.

"கவனிச்சுக்கோ கோவிந்தா. சுரங்கத்துக்காரன் கால் செம்மண்ணா இருக்கும். இது சுத்தம். கெண்டைக்கால்ல துணிப்பட்டி சுத்தின வரி. விரல் எல்லாம் பூட்ஸ்ல நசுங்கினது. இதுலேருந்து இன்னா தெரியுது?"

"இன்னாங்க ஐயா தெரியுது?" கோவிந்தன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

"செத்தவன் பூட்ஸ் போடற ஆளு! வெளியூர்ப் பெரிய மனுஷன்!"

"அடேயப்பா!" என்றான் கோவிந்தன். மறுபடி தும்மினான்.

பகல் உச்சிக்கு வந்தபோது இன்பராஜ் பூதக்கண்ணாடியோடு லைனுக்குத் திரும்பினார். ரத்தத்தை ஆராய வேண்டும். மண்டியிட்டார். குனிந்தார். மூச்சை இழுத்தார்.

கமகம!

மூக்கு சந்தின் இரண்டு பக்கமும் திரும்பியது. ஒவ்வொரு தட்டிக் கூரையிலும் புகை. கொத்தமல்லி. பட்டை. கிராம்பு. நடுவில் சந்தேகமே இல்லாமல்... ஆட்டுக்கறி!

இன்பராஜ் மெல்ல எழுந்தார்.

அவரும் வேலூர்ப் பக்கத்து ஆசாமிதான். வாசலில் மனுஷ ரத்தம் கிடக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? சாணியைக் கரைத்துத் தெருவையே தெளித்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் அடுப்பைத் தொடுவார்கள். இங்கே ரத்தம் காய்ந்து கிடக்கிறது. ரத்தத்துக்கு இரண்டு முழம் தள்ளி குழம்பு கொதிக்கிறது!

"மரியகுழந்தை!"

அவள் கரண்டியோடு வந்தாள்.

"இது மனுஷ ரத்தமா?"

"பின்ன?"

"மனுஷ ரத்தத்தைப் பக்கத்துல வச்சிக்கினு கறி தின்னுவீங்களா? சாணி கூடத் தெளிக்கல!"

மரியகுழந்தை கரண்டியைத் தாழ்த்தினாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னேன் ஐயா! கறிய ராத்திரிக்கு வச்சுக்கலாம்டின்னு. கேட்டாளுங்களா? 'நல்ல இளங்கறி, கெட்டுப்பூடும்க்கா'ன்னு..."

"ஆக, கொலையே இல்லை!"

"ஒரு கொல நடந்துச்சுங்க. செத்தது ஆடு. அடையாளம் சொல்லத்தான் ஒறவு யாரும் இல்ல."

"சர்க்கார் உத்தியோகஸ்தனை ஏமாத்தியிருக்கீங்க! நாளைக்கு விடிஞ்சதும் வண்டி வரும். ஒருத்தி பாக்கியில்லாம ஏத்தறேன்!"

சம்பங்கி குடிசையிலிருந்து வெளியே வந்தாள். இந்த முறை அவள் அழவில்லை.

"ஐயா, எங்கூட்டுக்காரர் ராத்திரி சுரங்கத்துக்குப் பொறப்படச்சொல்லோ இந்தப் புள்ளைங்களுக்கு முத்தம் குடுத்துட்டுப் போனாரு. 'மேல வந்தா நீங்க இருப்பீங்களோ இன்னாவோ'ன்னாரு. அவ்ளோ ஆழத்துல, தலைக்கு மேல பாறைய வச்சிக்கினு, அந்த நெனப்போட ஒரு மனுசன் சுத்தி புடிச்சா கை நடுங்காதா? காலைல வந்தாரு. நாங்க இருந்தோம். உள்ள நிம்மதியா தூங்கறாரு. எழுப்பி நீங்களே சொல்லிட்டுப் போங்க."

இன்பராஜ் குடிசையின் இருட்டுக்குள் பார்த்தார். ஒரு குறட்டை கேட்டது. சிறுமி அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

மீசையை முறுக்கிப் பார்த்தார். மேலே ஏறவில்லை.

"கடமைன்னு ஒண்ணு இருக்குதில்ல..." என்று யாரிடமோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் மனைவி பியாட்ரிஸ் இலை போட்டுக் காத்திருந்தாள். காலையில் ஜெபம், மாலையில் தையல், நடுவில் கணவரின் வீரப் பிரதாபங்களைக் கேட்பது என்று வாழ்கிற அமைதியான பெண். அப்படித்தான் இன்பராஜ் நினைத்திருந்தார்.

"கேஸை முடிச்சுட்டேன் பியாட்ரிஸ்! என் மூக்குக்கு முன்னால எந்தக் குற்றவாளியும்..."

"மொதல்ல சாப்புடுங்க. ஆறிடும்."

சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சினார். இன்னொரு கரண்டி வாங்கினார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"...ஆட்டைக் கொன்னு கொலைன்னு நாடகம்! எப்படி? அது சரி, இன்னிக்கு என்ன விசேஷம்? கறி பிரமாதம்!"

"இளங்கறி இல்லீங்களா?"

கை பாதி வழியில் நின்றது.

இன்பராஜ் இலையைப் பார்த்தார். ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கென்று அவரே தழை ஒடித்துப் போட்டு வளர்த்த ஆடு நிற்கும் முளைக்குச்சியைப் பார்த்தார்.

முளைக்குச்சி இருந்தது.

கயிறு இருந்தது.

"பி... பியாட்ரிஸ்!"

"ரத்தமும் பாதிக் கறியும் லைனுக்கு. மீதி நம்மளுக்கு. மரியகுழந்த ரொம்ப நேர்மையான பொம்பளங்க, எடையில கூட ஏமாத்தல."

"நீயா? இந்தத் திட்டம்..."

"சாட்சி எல்லை தாண்டக்கூடாதுன்னு தெனமும் சோத்துக்கு நடுவுல படிச்சுக் காட்டினது யாரு? கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு."

"அப்ப... அந்த மனு? அந்த பாரிஸ்டர்?"

"மிஷன் ஸ்கூல்ல இங்கிலீஷுக்கு நான்தான் மொதல் பரிசு. கல்யாணத்தன்னிக்கே சொன்னேன். நீங்க அப்பவும் மீசையத்தான் முறுக்கிக்கினு இருந்தீங்க."

இன்பராஜ் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க நாணயஸ்தர். உண்மைய எழுதி இன்னொரு தந்தி குடுங்க. 'செத்தது ஆடு. என் வீட்டு ஆடு. நானும் ரெண்டு கரண்டி சாப்பிட்டேன்'னு. நான் வேணா இங்கிலீஷ்ல எழுதித் தரட்டுமா?"

வாசலில் பூட்ஸ் சத்தம். கோவிந்தன்! கையில் தந்தி.

இன்பராஜ் பிரித்தார்.

'பாராட்டு. கொலையாளி பிடிபடும் வரை லைனில் ஒருவரையும் அசையவிடாதே. துரைக்கும் தெரிவித்தாயிற்று.'

அவர் அதை ஒரு முறை படித்தார். 'பாராட்டு' என்ற இடத்தை மட்டும் மறுபடி படித்தார். இருபது வருஷத்தில் முதல் பாராட்டு!

சம்பங்கியின் குடிசையில் கேட்ட அந்தக் குறட்டை எங்கிருந்தோ அவர் காதுக்குள் வந்து போனது.

"கோவிந்தா, எழுது."

"ஐயா!"

"கொலையாளி பலே கில்லாடி. தேடுதல் தொடர்கிறது. பெங்களூர்ல மனுவுக்கு நல்ல பதில் வர்ற வரைக்கும்..." கனைத்துக்கொண்டார். "அதை அடிச்சுடு. பிணம் கிடைக்கும் வரை யாரும் போகக்கூடாது."

பியாட்ரிஸ் மூன்றாவது கரண்டியை இலையில் வைத்தாள். நல்ல எலும்பாகப் பார்த்து!

இன்பராஜின் மீசை பழையபடி மேலே ஏறியது. மூளையும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு. துரை லேசுப்பட்ட ஆளில்ல. ஒரு மாசம் போனா 'கேஸ் செத்துப்போச்சு, வண்டியைக் கட்டு'ம்பான். அப்ப புதுசா இன்னொரு பிணம் விழணும். இதே மாதிரி பூட்ஸ் போடற காலோட..."

அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. கோவிந்தனின் பூட்ஸில் வந்து நின்றது. கெண்டைக்காலில் சுற்றியிருந்த பட்டிக்கு ஏறியது. அங்கிருந்து சளி ஒழுகும் மூக்குக்குப் போனது.

"அடப்பாவி... நீயா?"

கோவிந்தன் விறைப்பாக சல்யூட் அடித்தான். கூடவே தும்மினான்.

"தங்கச்சிக்காக ஒரு தரம் செத்துட்டேன் ஐயா. அடுத்த தரம் சாவச்சொல்லோ கீழ ஒரு பாய் போடச் சொல்லுங்க... மார்கழி மாசத்துல தரை பயங்கர சில்லுங்க!"