இன்னொரு தடவை

காலை பதினொரு மணிக்கு அக்கா ஸ்கேன் பிரிவுக்கு வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. படம் பார்க்கும் டாக்டரின் அறையில் மட்டும் எப்போதும்போல இருட்டு. திரை நன்றாகத் தெரிய வேண்டுமென்று அங்கே விளக்குப் போடுவதே இல்லை.

அக்காவுக்குக் கணையத்தில் கட்டி. பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயை அது சுற்றாமல் இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வாள். சுற்றியிருந்தால் கத்தி வைக்கவே கூடாது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் அவளுடைய சொந்தத் தம்பி.

"நீ சரின்னு சொன்னாத்தான்டா ஆபரேஷனுக்கு வயித்தக் காட்டுவேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

"மூச்சை இழுங்க... அடக்குங்க... விடுங்க," என்றது இயந்திரத்தின் பதிவுக்குரல்.

படம் பளிச்சென்று வந்தது, ரத்தக்குழாயின் ஓரத்தைத் தவிர. அங்கே மட்டும் கலங்கல். படுத்திருப்பவர் நடுவில் மூச்சு விட்டால் இப்படித்தான் ஆகும்.

"அக்கா அசையவே இல்லையே சார்," என்றார் டெக்னீஷியன்.

"இன்னொரு தடவை எடுங்க."

அதே இடம். அதே கலங்கல்.

டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். இதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் அம்மாள், இதே கட்டி, மஞ்சள் பூத்த கண்கள். "மூச்சு தவறிடுச்சு டாக்டர், இன்னொரு தடவ எடுங்களேன்," என்று கெஞ்சினாள். வெளியே இருபது பேர் வரிசை, இவருக்கோ பசி. "போதும்மா, போங்க," என்று அனுப்பிவிட்டு, தெரியாததைத் தெரிந்ததாக 'அகற்றலாம்' என்று எழுதினார். வயிற்றைத் திறந்தவர்கள் ரத்தக்குழாயைப் பார்த்ததும் அப்படியே தைத்து மூடினார்கள். மிச்சமிருந்த ஆறு வாரத்தையும் தையல் வலியிலேயே கழித்துச் செத்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சக டாக்டர்கள் இவரைத் தேற்றினார்கள். சறுக்கியது யானை, நசுங்கியது அவளல்லவா!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? இன்றைக்கு வரிசையும் பசியும் அவருக்கு ஞாபகமே வரவில்லை.

"இன்னொரு தடவை."

டெக்னீஷியன் கிசுகிசுத்தார். "சார்... உள்ள இருக்கற மைக்ல என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க."

உள்ளே அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மெதுவாக. வலியோடு.

ஆறாத புண்ணின் நாற்றம் இருட்டறைக்குள் வந்தது.

டாக்டர் மைக்கின் பொத்தானை அழுத்தினார். "தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க."

மூச்சு நின்றது.

நாலாவது படத்தில் கலங்கல் இல்லை. கட்டி ரத்தக்குழாயை முழுசாகச் சுற்றி வளைத்திருந்தது. எடுக்க முடியாது.

அக்கா வெளியே வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி விடுடா, அழாத," என்றாள். பிறகு ஸ்கேன் அறையைத் திரும்பிப் பார்த்து, "உள்ள என் பக்கத்துல ஒரு அம்மா படுத்திருந்தாங்களே, யாரு அது? பாவம், வயிறு பூரா தையல். உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்ன?"

"உங்க அக்காவுக்கு நாலு தடவ எடுத்தீங்களே, எனக்கு இன்னொரு தடவ எடுத்திருந்தா என்னன்னு."

காலியான ஸ்கேன் அறையில், யாரும் எதையும் தொடாமலே, "மூச்சை இழுங்க," என்றது பதிவுக்குரல்.

யாரோ இழுத்தார்கள்.