துண்டோடு வந்தவர்

அன்று மதியம் அறையில் இருந்தவர்கள்: ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த தங்கை, அவளுடைய அண்ணன், முகக்கவசம் போட்ட நர்ஸ்.

இருமியது இவர்களில் யாரும் இல்லை.

அண்ணனுக்குக் கட்டடம் இடிக்கிற வேலை. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய நெஞ்சுநோய் வார்டை அவனுடைய ஆட்கள்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசிக்குப் பயந்துதான் இந்த அறையின் ஜன்னல் இடுக்குகளை நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள். வாசலுக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்.

"மருந்து இவங்க வெள்ளணுவைச் சுத்தமா துடைச்சிடுச்சு," என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். "பழைய சுவத்துத் தூசியில பூஞ்சை இருக்கும். நீங்க தும்மிட்டுப் போயிடுவீங்க. இவங்க நுரையீரல்ல இறங்கினா, அங்கேயே குடி வந்துடும். விரட்ட உள்ள ஆள் கிடையாது."

அதனால் அவன் தேய்த்துத் தேய்த்துக் குளித்து, உடை மாற்றி, பூனை மாதிரி உள்ளே வருவான்.

போன வாரம் தங்கை அவனுடைய தலைத்துண்டைக் கேட்டாள்.

"மொட்டைத் தலை குளிருதுண்ணே. இவங்க குடுத்த தொப்பியப் போட்டா, முட்டைக்கு உறை மாட்டின மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டே கேட்டாள். அவனால் மறுக்க முடியவில்லை. துண்டைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசினான். சோப்பு வாசனை அடித்ததால் நர்ஸும் விட்டுவிட்டாள்.

மறுபடியும் இருமல். சளி கட்டிய, வயதான ஆணின் இருமல். கூடவே, நனைந்து நாள்பட்ட சுவரின் வாடை.

தங்கையின் உதடுகள் மூடியிருந்தன.

நர்ஸ் குனிந்து ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள்.

"உள்ள இருந்துதான் வருது," என்றாள் மெதுவாக.

தங்கை கண் திறந்தாள். "பெரியவர்ண்ணே. ராத்திரியெல்லாம் இங்கதான் உக்காந்திருக்காரு."

"யாரும் இல்லம்மா. காய்ச்சல்ல அப்படித் தோணும்," என்றான் அண்ணன்.

"'இருந்த எடத்த இடிச்சுட்டாங்க, எங்கம்மா போவேன்'னு கேட்டாரு."

அவன் அவள் பக்கம் குனிந்தான். "நீ என்ன சொன்ன?"

"பாவமா இருந்துச்சு. இருங்கன்னு சொல்லிட்டேன்."

நர்ஸ் அவள் தலைத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இதை எங்க காயப்போட்டீங்க?"

"வேலை நடக்கிற எடத்துலதான். கம்பியில. நல்ல வெயிலு..."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. எந்தத் துண்டையும் அவன் அங்கேதான் காயப்போடுவான். பாதி இடித்த சுவரின் அடியில்.

நர்ஸ் திட்டவில்லை. கையுறையோடு துண்டை அவிழ்த்துப் பையில் போட்டுக் கட்டினாள். அது இனி வீண் வேலை என்று இருவருக்கும் தெரிந்தது. சற்று நேரத்தில், காலையில் எடுத்த ஸ்கேனின் முடிவும் போனில் வந்தது. வலது நுரையீரலில் நிழல். உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார்கள்.

தள்ளுவண்டி வந்தது, தள்ள ஆள் வரவில்லை. நர்ஸ் தலைமாட்டில் நின்று தள்ளினாள். அவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். விரல்கள் கொதித்தன.

பிரிவின் வாசலில் நர்ஸ் சொன்னாள், "இதுக்கு மேல நீங்க வரக்கூடாது."

அவன் கையை விட்டான்.

"முன்னாடி இழுக்காதீங்கண்ணா. வேகமா போகுது."

அவன் நர்ஸுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

வண்டி நிற்கவில்லை.

தங்கை தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கால்மாட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"மெதுவா போங்க பெரியவரே," என்றாள். "நான் எங்க ஓடிடப் போறேன்."

கைப்பிடியை விடத் தெரியாமல் நர்ஸும் இழுபட்டு உள்ளே போனாள். அண்ணன் பாய்ந்தான். கதவு அவன் முகத்துக்கு நேரே மூடியது. சுவர்களைச் சாய்க்கிற கைகளால் ஓங்கித் தட்டினான்.

உள்ளே யாரோ நிதானமாகப் பூட்டினார்கள்.