வழியில் ஒரு பந்து

ரீத்தாவின் அம்மா ரோசலினுக்கு இந்தி தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்கள் குடியிருக்கும் தீவில், ஷாதிபூர் தெருக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தி தெரியும். தெரியாததை ஊகித்துக்கொள்வாள்.

அந்த ஊகம்தான் வம்பாகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். அரை வாளி தண்ணீர் ஊற்றினாலே போதும். வெளியே மூடிபோட்ட சின்னத் தொட்டி ஒன்று. அதிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு வழிகள் பிரிந்து இரண்டு குழிகளுக்குப் போகும். ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழிக்கு வழிவிட வேண்டும். முதல் குழியில் இருப்பது மெல்ல மக்கி எருவாகிவிடும்.

கட்டிய வங்காளி மேஸ்திரி, கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில், "ஏக் ரஸ்தா பந்த் ரக்னா!" என்று சொல்லிவிட்டு ஓடினார். அப்பா மீன்பிடிக்கப் போயிருந்தார். அதைக் கேட்டது அம்மா மட்டும்தான்.

மறுநாள் காலையில் அம்மா இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதித்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. பொங்கி வந்து அவள் காலையே நனைத்தது.

அது மார்ச் மாதம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதும்! சாயங்காலம் இதைக் கோழிக்கூடா ஆக்கிடுறேன். கோழியாவது சௌக்கியமா இருக்கட்டும்."

வேலிக்கு அந்தப் பக்கம் பஷீரா அக்கா வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கு எட்டு மாதம். அவள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. இருட்டிய பிறகு சரிவில் இறங்கிப் புதருக்குத்தான் போவாள். போன வாரம் வழுக்கி விழப் பார்த்தாள். 'இனி எங்க வீட்டுக்கே வா' என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"பரவால்லக்கா. இருட்டுற வரைக்கும் பொறுத்துக்குவேன்" என்றாள் பஷீரா அக்கா.

ரீத்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

"மேஸ்திரி என்னம்மா சொன்னாரு?"

"ஏக்னா ஒண்ணு. ரஸ்தான்னா வழி. வழியில ஒரு பந்து வைக்கச் சொன்னாரு. வச்சேன்."

"பந்தா? எந்தப் பந்து?"

"தம்பியோடதுதான். நம்ம வீட்டுல வேற எது இருக்கு?"

நேற்றிலிருந்து கட்டிலுக்கடியில் பந்தைத் தேடிக்கொண்டிருந்த தம்பி மிக்கேல், உள்ளேயிருந்து ஓவென்று அலறினான்.

ரீத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அம்மா, மணி அடிச்சதும் எங்க டீச்சர் 'கிதாப் பந்த் கரோ'ன்னு சொல்வாங்க. நாங்க என்ன செய்வோம்?"

"பந்து விளையாடப் போவீங்க."

"இல்லம்மா! புத்தகத்தை மூடுவோம். பந்த்னா மூடுறது. ரெண்டு வழியில ஒண்ணை மூடச் சொல்லியிருக்காரு."

"வங்காளி இந்தி. அதான் எனக்குப் பிடிபடல" என்றாள் அம்மா.

இருவரும் தொட்டியின் மூடியைத் தூக்கினார்கள். கக்கூஸிலிருந்து தண்ணீர் வரும் குழாயின் வாயிலேயே பந்து கச்சிதமாக அடைத்திருந்தது. ரீத்தா அதை ஒரு கம்பால் நெம்பி எடுத்தாள். பிறகு, இடப்பக்க வழியில் செங்கல்லை வைத்துக் களிமண்ணால் பூசி அடைத்தாள்.

"இப்ப ஊத்திப் பாரும்மா."

"இன்னும் தண்ணியைக் கொட்ட மாட்டேன். இருக்கிறதே குடிக்க ஒரு குடமும், நீ குளிக்க அரை வாளியும்தான்."

"என்னோட அரை வாளியை ஊத்தும்மா. நான் இன்னைக்குக் குளிக்கல."

"அதுல உனக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதே!" என்று சொல்லிக்கொண்டே அம்மா வாளியை எடுத்து வந்து ஊற்றினாள். கடகடவென்று தண்ணீர் உள்ளே போய் மறைந்தது.

"பஷீரா! ஓடி வா!" என்று அம்மா கூவினாள். "ஓடாதே, ஓடாதே! மெதுவா வா!"

பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல், பஷீரா அக்கா கக்கூஸுக்குப் போனாள். திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"ரீத்தா, குடிக்கத் தண்ணி தா புள்ள."

அம்மா வியப்போடு பார்த்தாள். "தினமும் நான் தந்தா, தாகமே இல்லேன்னு சொல்லுவியே?"

பஷீரா அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பகல்ல குடிச்சா இருட்டுற வரைக்கும் அடக்க முடியாதுக்கா. அதான் குடிக்கிறதே இல்ல."

ரீத்தா குடத்தைச் சாய்த்துச் சொம்பு தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள்.

பஷீரா அக்கா மூச்சுவிடாமல் அத்தனையையும் குடித்தாள். பிறகு வெறும் சொம்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.